குழுவில் சேர்வதும் சேர்ந்து கற்பதும்

இணையவழி முதுகலைப் படிப்பில் சேருபவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு இடங்கள் கிடைத்துவிடும். ஒன்று, பல்கலைக்கழகம் தரும் கற்றல் தளம். பாடக் காணொளி, பாடநூல், பயிற்சி வினாக்கள், விவாதப் பகுதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். இன்னொன்று, சக மாணவர் யாரோ தொடங்கும் வாட்ஸ்அப் குழு. முதல் இடத்தில் மதிப்பெண் உண்டு, பேச்சு இல்லை. இரண்டாவதில் பேச்சு உண்டு, அது பெரும்பாலும் கடைசித் தேதியைப் பற்றியது. கல்வியியலோ சமூகப்பணியோ மேலாண்மையோ, சேர்ந்து கற்பது என்ற காரியம் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில்தான் நடந்தாக வேண்டும். பல படிப்புகளில் அது நடக்காமலே நான்கு பருவங்களும் முடிந்துவிடுகின்றன.

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளியிலும் இப்படிப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் வேலையில் இருப்பவர்கள். நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள், வேடசந்தூர் நூற்பாலைகளின் அலுவலக ஊழியர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், கல்யாணத்தோடு விட்டுப்போன படிப்பைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் மறுபடி எடுக்கும் பெண்கள். இவர்கள் புத்தகத்தைத் திறப்பது இரவு ஒன்பதுக்கு மேல் அல்லது வீடு எழும்புவதற்கு முன். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து எதைக் கற்க முடியும், அந்தக் கற்றலில் ஆள் எப்படி மாறுகிறார் என்பதற்குக் கல்வியியலில் அரை நூற்றாண்டு ஆய்வு இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு அதைவிடப் பழைய அனுபவமும் இருக்கிறது.

அஞ்சல் வழி விட்டுச்சென்ற பழக்கம்

இந்தியாவில் அஞ்சல் வழிப் பட்டப்படிப்பு 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அதைத் தென்மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் அல்ல. 1985 செப்டம்பர் வரை அது மதுரை மாவட்டத்தின் பகுதி. அதனால் இந்தப் பக்கத்தில் ‘கரஸ்ல படிக்கிறேன்’ என்றால் நெடுங்காலம் மதுரையில் படிப்பது என்றே பொருள். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் வந்தன. 1985இல் இக்னோவும் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உருவாயின.

அஞ்சல் வழியில் படித்தவருக்கு வீட்டுக்கு வந்தது உறைக்குள் பாடப் புத்தகமும், தேர்வு நேரத்தில் நுழைவுச்சீட்டும். நடுவே பி.சி.பி. எனப்பட்ட நேர்முக வகுப்புகள் சில வார இறுதிகளில் நடந்தன. மொத்தப் படிப்பிலும் இன்னொரு மாணவரின் முகத்தைப் பார்க்கக் கிடைத்த நாட்கள் அவைதான். பாடத்தைவிட ‘எது வரும், எது வராது’ என்ற கணிப்பே அங்கு அதிகம் பரிமாறப்பட்டது என்று சொன்னால் அந்தத் தலைமுறை கோபித்துக்கொள்ளாது. ஆனாலும் அந்த வகுப்பில் கிடைத்த ஒரு பழக்கம்தான் பலரைத் தேர்வு வரை இழுத்துச் சென்றது. ஒருவர் நோட்டை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்தார். தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளை ஒருவர் இன்னொருவருக்கு நினைவூட்டினார்.

தொலைநிலைக் கல்வியின் முக்கியக் கோட்பாட்டாளரான மைக்கேல் மூர், கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் நடுவில் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது என்றார். உரையாடல் குறையக் குறைய, பாடத்தின் கட்டு இறுக இறுகத் தொலைவு கூடுகிறது என்பது அவர் வாதம். இந்தக் கணக்கில் பார்த்தால், ஐம்பது பேர் இருக்கும் நேரடி வகுப்பில் ஆசிரியர் குறிப்பு சொல்ல மாணவர்கள் எழுதிக்கொண்டே இருந்தால் அதுவும் தொலைநிலைக் கல்விதான்.

திரைக்கு வந்த பாடமும் நெடுங்காலம் ஒருவழிப் பாதையாகவே இருந்தது. 1984 ஆகஸ்ட் 15இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் தொடங்கிய ‘நாடு தழுவிய வகுப்பறை’ ஒளிபரப்புக்கு நிகழ்ச்சி தயாரித்த மையங்களில் ஒன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. இன்றும் அங்கே கல்விக் காணொளிகள் தயாராகின்றன. 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய காணொளிப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல்., 2014இலிருந்து சான்றிதழ் படிப்புகளையும் நடத்துகிறது. 2016இல் அலைபேசி இணையத்தின் விலை சரிந்தது. 2017 ஜூலையில் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 2011இலிருந்து, தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினி பல கிராமத்து வீடுகளில் முதல் கணினியாக நுழைந்திருந்தது. பெருந்தொற்றின்போது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை அரசு இலவசமாக வழங்கியது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. முழுப் பட்டத்தையும் இணையவழியில் தருவதற்கான நெறிமுறைகளை மானியக் குழு 2020 செப்டம்பரில் வெளியிட்டது. 2022இல் இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்கலாம் என்றும், அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்றும் அறிவித்தது. எம்.எட். நேரடி வகுப்பாகவே நடக்கிறது. எம்.ஏ. கல்வியியல் போன்ற படிப்புகள் தொலைநிலையில் கிடைக்கின்றன. ஆக, பாடம் வந்து சேரும் வழி முழுக்க மாறிவிட்டது. படிப்பவரின் தனிமை மட்டும் அஞ்சல் வழிக் காலத்திலிருந்து அப்படியே இடம் மாறி வந்திருக்கிறது. பெருந்திரள் திறந்த இணையப் படிப்புகள் பெரும்பாலானவற்றில், பதிவு செய்தவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவானவர்களே கடைசி வரை வருகிறார்கள்.

பங்கு பிரிக்கும் குழு

கூட்டாகக் கற்பது என்றதும் பாடத்திட்டம் எழுதுபவர்கள் முதலில் சேர்ப்பது குழு ஒப்படைப்பு. ‘ஐந்து பேர் கொண்ட குழு, பள்ளி மேலாண்மைக் குழுவின் செயல்பாடு குறித்து இருபது பக்க அறிக்கை, கடைசித் தேதி மாத இறுதி.’ இந்த அறிவிப்பு வந்ததும் என்ன நடக்கும் என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். முன்னுரை ஒருவருக்கு, முந்தைய ஆய்வுகள் ஒருவருக்கு, சட்ட விதிகள் ஒருவருக்கு, முடிவுரை ஒருவருக்கு. மிச்சம் இருப்பவர் கடைசி இரவில் நான்கு கோப்புகளையும் ஒட்டி, வெவ்வேறு எழுத்துருக்களோடு மல்லுக்கட்டி, பி.டி.எப். ஆக்கித் தளத்தில் ஏற்றுவார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருக்க மாட்டார். முன்னுரை கேட்ட கேள்விக்கு முடிவுரையில் பதில் இருக்காது. ஐவருக்கும் ஒரே மதிப்பெண்.

இப்படி வேலையைத் துண்டு போட்டுச் செய்வதையும், ஒரே வேலையை எல்லோரும் சேர்ந்து யோசித்துச் செய்வதையும் கூட்டுக்கற்றல் ஆய்வாளர்கள் கவனமாகப் பிரிக்கிறார்கள். துண்டு போடுவதில் தவறொன்றும் இல்லை; அலுவலகங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அதில் கற்றல் நடப்பதில்லை. ஒருவரது புரிதல் இன்னொருவரது புரிதலோடு மோதும் கணம் அதில் வருவதே இல்லை.

குழு பெரிதாகும்போது ஆளுக்கு ஆள் உழைப்பு குறையும் என்பதும் பழைய கண்டுபிடிப்பு. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் வெளிவந்த அவரது கணக்குப்படி, தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டிய வலுவில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டுப் பேர் குழுவில் ஒவ்வொருவரும் காட்டினார்கள். சேர்ந்து இழுக்கும்போது ஒரே நேரத்தில் இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம். தன் பங்கு கண்ணுக்குத் தெரியாது என்ற நினைப்பு இன்னொன்று. யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியே தெரியும்படி வைத்தால் இந்தச் சுணக்கம் பெருமளவு மறைகிறது என்று 1980களின் உளவியல் சோதனைகள் காட்டின. திருத்த வரலாற்றைக் காட்டும் பகிர்வு ஆவணம் ஒன்றில் எல்லோரையும் எழுதச் சொல்வது இந்தக் காரணத்தால்தான் பயன் தருகிறது. காவல் வேலைக்காக அல்ல. நான்காவது ஆளின் பத்தியை இரண்டாவது ஆள் திருத்தியிருப்பது அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இதைவிட முக்கியமானது, ஒப்படைப்பே எப்படிப்பட்டது என்பது. தனியாளால் முடிக்கக்கூடிய வேலையை ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஐந்தாகப் பிளப்பதே புத்திசாலித்தனம். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே பள்ளி மேலாண்மைக் குழு என்ற தலைப்பை வேறு விதமாகவும் கேட்கலாம். ஐந்து பேரும் தத்தம் பள்ளியின் கூட்டப் பதிவுகளைப் பார்க்க வேண்டும். எந்த மாதக் கூட்டத்துக்குப் பெற்றோர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஐந்து பக்கங்களையும் அருகருகே வைத்து, எதை எல்லாப் பள்ளிக்கும் பொதுவாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இங்கே ஊர்த் தொலைவே மூலதனமாகிறது. மல்லிகை பறிக்கும் விடிகாலை வேலை நிலக்கோட்டைப் பக்கத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் தெரியலாம். வேடசந்தூரில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் வருவார் என்பதை ஆலையின் ஷிப்டு தீர்மானிக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தையின் நேரம், நத்தத்தில் மாங்காய்ப் பருவம், திண்டுக்கல் நகரில் வாடகை வீடு மாறும் குடும்பங்கள் என்று ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு காரணம் இருக்கும். நேரடிக் கல்லூரியின் ஒரே வகுப்பறையில் இந்த ஐந்து ஊர்களும் ஒரே நேரத்தில் பணியில் இருப்பவர்களாகக் கூடுவது அரிது. இணையவழிப் படிப்பில் அவை இயல்பாகவே கூடியிருக்கின்றன. இப்படித் தானாக வந்து சேர்ந்த வளத்தைத் தொடாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பதில் வரக்கூடிய கேள்வியைக் கொடுத்துவிட்டு, ‘காப்பி அடிக்கிறார்கள்’ என்று புலம்பும் பாடத்திட்டங்களே அதிகம்.

காந்திகிராமத்தின் பழைய பாடம்

வேலையிலிருந்து கற்பது, ஊரோடு சேர்ந்து கற்பது என்ற எண்ணம் திண்டுக்கல்லுக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலையும் பாடத்தையும் ஒன்றாகக் கட்டியது. அதை நம்பிய இருவர், மருத்துவர் டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும், 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கிராமங்களுக்கென உயர்கல்வி நிறுவனங்கள் வேண்டும் என்ற ராதாகிருஷ்ணன் குழுவின் பரிந்துரை 1950களில் செயலுக்கு வந்தபோது, 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் உருவானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

மாணவர்கள் குழுவாகக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, வீடு வீடாகப் பேசி, ஊராரோடு ஏதாவது ஒரு வேலையைச் செய்து திரும்புவது அந்த நிறுவனத்தின் நீண்ட நாள் நடைமுறை. இதில் கவனிக்க வேண்டியது, குழுவின் வேலையைப் பேராசிரியர் மட்டும் பார்ப்பதில்லை; ஊரும் பார்க்கிறது. கிணற்றைச் சுத்தம் செய்ய வந்த குழுவில் ஒருவர் நிழலில் உட்கார்ந்திருந்தால் அவரைக் கேள்வி கேட்கும் முதல் ஆள் ஊர்க்காரராகத்தான் இருப்பார். படிப்பு முடிந்ததும் அறிக்கையைப் படிக்கப்போகிறவர் யார் என்பது தெரிந்தால் எழுத்தின் தரமே மாறிவிடும். ஆசிரியரும் தேர்வாளரும் மட்டும் படிக்கும் இருபது பக்க அறிக்கைக்கும், அந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்போகும் இரண்டு பக்கக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இணையவழி முதுகலை இந்த ஒரு அம்சத்தைக் கடன் வாங்கினாலே போதும். மாணவர் ஏற்கெனவே ஓர் ஊரில், ஒரு வேலையில் இருக்கிறார். அவரைத் தங்கல் முகாமுக்கு அனுப்பும் செலவுகூட இல்லை.

சௌந்திரத்தின் வாழ்க்கையும் இந்தப் பேச்சில் சேரும். இளம் வயதில் கணவரை இழந்த அவர் அதன் பிறகுதான் டெல்லியில் மருத்துவம் படித்தார். 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். இடையில் அறுந்த படிப்பை மறுபடி எடுப்பதன் விலை என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

விவாதம் எங்கே நின்றுபோகிறது

இணையவழிக் கூட்டுக்கற்றலை அளக்க இன்று உலகெங்கும் அதிகம் பயன்படும் சட்டகம் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கணினி வழி உரையாடலால் முதுகலைப் படிப்பு நடத்த முனைந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். ஒரு கற்கும் சமூகத்துக்கு மூன்று வகை இருப்பு வேண்டும் என்றார்கள். முதலாவது, மற்றவர்களை மனிதர்களாக உணரவைக்கும் சமூக இருப்பு. இரண்டாவது, பொருளைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கும் அறிவு இருப்பு. மூன்றாவது, இந்த இரண்டையும் வடிவமைத்து வழிநடத்தும் கற்பித்தல் இருப்பு. மாணவர்களின் பதிவுகளை அவர்கள் வகைப்படுத்தியபோது 42 சதவீதம் ‘இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்’ என்று கருத்துகளை எடுத்துப் போடும் கட்டத்திலேயே நின்றன. அவற்றை ஒன்றாக இணைத்துப் பார்த்தவை 13 சதவீதம். ஒரு முடிவுக்கு வந்து சோதித்தவை 4 சதவீதம் மட்டுமே. நடுவில் ஒருவர் புகுந்து, ‘இவர் சொன்னதும் அவர் சொன்னதும் எங்கே முரண்படுகின்றன?’ என்று கேட்காதவரை விவாதம் தானாக மேலே ஏறுவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

தமிழ்நாட்டு வகுப்புகளில் இன்னும் இரண்டு தடைகள் சேர்கின்றன. ஒன்று, மரியாதை. ஒரே குழுவில் இருபத்தைந்து வயது ஆசிரியையும் ஐம்பது வயதுத் தலைமையாசிரியரும் சக மாணவர்கள். திரையில் இரண்டு பெயர்களும் ஒரே அளவில்தான் தெரியும். ஆனாலும் அவர் ‘சார்’, இவர் ‘ம்மா’. சாரின் வரைவில் பிழை இருந்தால் ‘நல்லா இருக்கு சார்’ என்ற பதிலும் கும்பிடும் கைகளின் படமும்தான் வரும். தவறு தெரிந்தவர் தனியாக இன்னொருவருக்குச் செய்தி அனுப்புவார். இதை மாணவர்களின் துணிச்சலுக்கு விட்டுவிட்டால் நான்கு பருவமும் கும்பிடுதான். கருத்துச் சொல்லும் கடமையை ஒருவரின் வேலையாகவே ஆக்கினால் நிலைமை மாறும். ‘இந்த வாரம் வரைவில் இரண்டு பலவீனங்களைக் கண்டுபிடித்து எழுதுபவர் நீங்கள்’ என்று முறை வைத்துச் சுற்றிவிட்டால், குறை சொல்வது மரியாதைக் குறைவாக இல்லாமல் வீட்டுப்பாடமாகிவிடும். அடுத்த வாரம் அதே வேலை சாருக்கு வரும்.

இரண்டாவது, மொழி. தளத்தின் விவாதப் பகுதியில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற நினைப்பு பலரை வாயடைத்துவிடுகிறது. அங்கே பதிவாவது பெரும்பாலும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பத்தி. அதே ஆள் வாட்ஸ்அப்பில் மூன்று நிமிடக் குரல் பதிவில், தன் வகுப்பில் ஒரு மாணவன் ஏன் பின்தங்கினான் என்பதைத் தமிழில் அபாரமாகப் பிரித்துச் சொல்வார். அந்தக் குரல் பதிவுக்கு மதிப்பெண் கிடையாது. ஒட்டிய பத்திக்கு உண்டு. முதலில் தமிழில் பேசிப் பதிவு செய்யலாம், அதிலிருந்து எழுத்து வரைவை உருவாக்கலாம் என்று ஒரு பாட ஒருங்கிணைப்பாளர் அனுமதித்தால் போதும். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம்.

எண்ணிக்கையும் ஒரு தடை. ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றுக்கும் நான்கு பகுதிகளில் ஒன்று விவாதத்துக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் பதிவு செய்த பாடத்தில் அந்த விவாதப் பகுதி ‘ஒப்படைப்பு 3இன் விடை தவறாக இருக்கிறது’, ‘தேர்வு மையத்தை மாற்ற முடியுமா’ போன்ற புகார்ப் பெட்டியாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014இல் தொடங்கிய இணையவழிக் கணினி முதுகலையிலும் இந்தச் சிக்கல் வந்தது. அங்கே செயற்கை நுண்ணறிவுப் பாடம் நடத்திய பேராசிரியர் அசோக் கோயல், நடைமுறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 2016இல் ‘ஜில் வாட்சன்’ என்ற நிரலை உதவி ஆசிரியராக வைத்தார். இயந்திரம் கடைசித் தேதியைச் சொல்லட்டும், மனிதர்கள் பாடத்தைப் பேசட்டும் என்ற பிரிவினை அது. இங்கே தலைகீழ் நடக்கிறது: வாட்ஸ்அப் குழுவில் மனிதர்கள் கடைசித் தேதியைச் சொல்லிக்கொண்டிருக்க, கட்டுரையை நிரல் எழுதுகிறது.

மாற்றம் எதில் தெரியும்

‘இந்தப் படிப்பு என் ஆளுமையை வளர்த்தது’ என்ற வரி இல்லாத பிரதிபலிப்புக் குறிப்பு அபூர்வம். பருவ இறுதியில் மாணவர் தன் கற்றலைத் தானே திரும்பிப் பார்த்து எழுதும் இந்தக் குறிப்பு இன்று பல முதுகலைப் படிப்புகளில் கட்டாயம். அதன் வேர் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி. அனுபவம் மட்டும் எதையும் கற்பிக்காது, அனுபவத்தைக் கேள்விக்கு உட்படுத்தும் சிந்தனையே கற்பிக்கும் என்றார் அவர். 1983இல் டொனால்ட் ஷோன் அதை ஆசிரியர், மருத்துவர், கட்டடக் கலைஞர் போன்ற தொழில்களுக்கு விரித்தார். கைதேர்ந்தவர் வேலை நடக்கும்போதே தன் முடிவைத் திருத்திக்கொள்கிறார். எப்படித் திருத்தினார் என்பதைப் பின்னால் சொல்லத் தெரிந்தால் அது கற்பிக்கத்தக்க அறிவாகிறது.

முதுகலை வயதில் ஆள் எப்படி மாறுகிறார் என்பதை நேரடியாக ஆராய்ந்தவர் ஜாக் மெசிரோ. பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களைப் பற்றி 1978இல் அவர் வெளியிட்ட ஆய்வு, மாற்றத்தைப் பத்துக் கட்டங்களாக விவரித்தது. தொடக்கம் ஒரு தடுமாற்றம்: இதுவரை சரி என்று நினைத்தது பொருந்தாமல் போவது. பிறகு தன்னையே சோதிப்பது, இதே குழப்பம் மற்றவர்களுக்கும் உண்டு என்று அறிவது, புதிய பொறுப்புகளைப் பழகிப் பார்ப்பது என்று அது நீள்கிறது. இவற்றில் ‘மற்றவர்களுக்கும் உண்டு’ என்ற படி தனியாளால் ஏற முடியாதது. புகுந்த வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால் ‘இன்னும் படிப்பா’ என்று கேட்கப்படுவது தன் வீட்டுப் பிரச்சினை என்று ஒருவர் எண்ணியிருக்கலாம். குழுவில் இன்னும் மூவர் அதையே சொல்லும்போது அது சமூகவியல் பாடமாகிறது. ஆளுமை வளர்ச்சியும் கூட்டுக்கற்றலும் ஒன்றோடொன்று சேரும் இடம் இது.

கூட்டுப் படிப்பு தரும் இன்னொரு மாற்றம் வெளியில் அதிகம் தெரியாதது. இன்னும் முடிக்காத வேலையை இன்னொருவருக்குக் காட்டும் தைரியம் அது. பள்ளி முதல் பட்டம் வரை நம் மாணவர் காட்டிப் பழகியது முடிந்த விடைத்தாளை மட்டுமே. அடித்தல் திருத்தலோடு ஒரு வரைவைச் சக மாணவருக்கு அனுப்பி, ‘இந்த இடத்தில் எனக்குத் தெளிவில்லை’ என்று எழுதுவது ஓர் ஆசிரியருக்கு எளிதல்ல. வகுப்பில் எல்லாம் தெரிந்தவராக இருந்தே பழகியவர் அவர். வரைவைக் காட்டப் பழகிக்கொண்டவர் தன் வகுப்பில் மாணவனின் தவறான விடையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார். இதைத் தேர்வுத்தாளில் அளக்க வழியில்லை.

பிரதிபலிப்புக் குறிப்பில் அது வெளிப்பட வேண்டுமானால் கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். ‘இப்பாடத்தால் நீங்கள் பெற்ற பயன்கள் யாவை?’ என்று கேட்டால் நன்றியுரைதான் வரும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு அந்த நன்றியுரைக்கு ஆளே தேவையில்லை. ‘குழுவில் யார் சொன்ன எந்தக் கருத்தால் உங்கள் வரைவின் எந்தப் பத்தியை மாற்றினீர்கள்? பழைய பத்தியையும் இணையுங்கள்’ என்று கேட்டால் எழுதுபவர் தன் வேலையைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். எந்தக் கருத்தை ஏற்கவில்லை, ஏன் என்று கேட்பது இன்னும் நல்லது.

மதிப்பெண்ணும் சம்பளமும்

எவ்வளவு நல்ல வடிவமைப்பும் மதிப்பெண் கணக்கைத் தாண்டி வேலை செய்யாது. என்.பி.டி.இ.எல். படிப்புகளில் வழக்கமான முறை, வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25 சதவீதம், மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. தொலைநிலை முதுகலைகளிலும் தேர்வின் எடையே அதிகம், தேர்வு முழுக்கத் தனியாள் வேலை. கூட்டாகச் செய்வதற்குக் கிடைப்பது மிச்சத்தில் ஒரு துண்டு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இரவில் படிப்பவர் எதற்கு நேரம் ஒதுக்குவார் என்பதில் மர்மம் இல்லை.

ஆசிரியர்களின் கணக்கில் இன்னொன்றும் உண்டு. மேல்படிப்புக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு தமிழ்நாட்டில் நெடுங்காலம் முதுகலையில் சேர முக்கியக் காரணமாக இருந்தது. 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. ஆசிரியர்களின் வருத்தமும் எதிர்ப்பும் நியாயமானவை. படிப்புக்கும் சம்பளத்துக்கும் இருந்த அந்த நேரடிக் கயிறு அறுந்த பிறகு சேருபவர்களில், பாடத்துக்காகவே வருபவர்களின் பங்கு கூடியிருக்கக் கூடும். அப்படி வருபவர்களுக்கு வெறும் காணொளித் தொகுப்பு போதாது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை பல. குழுவுக்கு நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். முதல் வாரத்திலேயே எந்த நாள், எந்த நேரம் கூடுவது, வராதவர் என்ன செய்ய வேண்டும் என்று குழுவே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். குழு மதிப்பெண்ணோடு, ஒவ்வொருவரும் மற்றவர் பங்கைப் பற்றித் தரும் ரகசிய மதிப்பீட்டையும் சேர்க்கலாம். இது இல்லாத இடத்தில் நன்றாக உழைப்பவர் இரண்டாவது ஒப்படைப்பிலேயே சலித்துப்போகிறார். கூகுள் மீட்டில் எல்லோரும் கேமராவைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. ஒரே அறை வீட்டில் பின்னால் குழந்தைகள் தூங்கும்போது அது சமூக இருப்பைக் கூட்டாது, சங்கடத்தையே கூட்டும். பருவத்துக்கு ஒரு முறை ஒரு நாள் நேரில் கூடுவது, பழைய பி.சி.பி. வகுப்பைப் போலப் பாடம் கேட்க அல்லாமல் வரைவுகளைப் படித்துத் திருத்த, மிகுந்த பலன் தரும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பிவிடலாம். கூடுவதற்கு ஞாயிற்றுக்கிழமையில் பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு பள்ளியின் வகுப்பறை போதும். அந்தப் பள்ளியின் சாவி பெரும்பாலும் குழுவிலேயே ஒருவரிடம் இருக்கும்.